கேட்பவள் சாப்பிட்டாளா?



உங்கள் வீட்டுப் பெண்ணோ, எதிர்வீட்டுப் பெண்ணோ டயட்டீஷியன் படிப்புப் படிக்கிறாளா? அப்படியானால் இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். படிக்கவில்லை என்றாலும் கேளுங்கள். விடிந்ததும் விடியாததுமாக வேலைக்கு ஓடும் பெண் எந்த வீட்டில்தான் இல்லை?

நான் சொல்லப்போகும் பெண் தர்மபுரி மாவட்டத்துக்காரி. பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அந்தத் தெருவிலேயே எம்.எஸ்ஸி. வரை படித்த முதல் பெண் அவள்தான். ஆனால் ஆகாரவியலில் பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு மாதமாவது பயிற்சி பெற வேண்டும். வெளியூரில் இடம் கிடைத்தது. டாக்டர் சி. கோபாலன் தொகுத்த உணவுச் சத்துப் பட்டியலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். அந்தக் கோபாலன் 1918-ல் சேலத்தில் பிறந்தவர். 1965 வரை தர்மபுரியும் சேலம் ஜில்லாவில்தானே இருந்தது! “நம்ம ஜில்லாக்காரர் புத்தகம்” என்று அவளுக்கு ஒரு பெருமை.

பயிற்சி என்றால் லேசல்ல. காலை எட்டு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். நோயாளியின் உயரம், எடை, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் பார்க்க வேண்டும். நீரிழிவுக்காரருக்கு ஒரு பட்டியல். சிறுநீரகக் கோளாறுக்காரருக்கு உப்பையும் பருப்பையும் அளந்து இன்னொரு பட்டியல். குழாய் வழியே கஞ்சி போகிறவருக்கு வேறொன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: “நேற்றுக் காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?”

மூன்றாவது வாரம் பாலக்கோட்டுப் பக்கத்துப் பாட்டி ஒருத்தியிடம் இப்படிக் கேட்டாள். பாட்டி எல்லாம் சொல்லிவிட்டு, “நீ காத்தால என்னா சாப்பிட்டே கண்ணு?” என்று திருப்பிக் கேட்டாள். பெண்ணுக்குப் பதில் வரவில்லை. காலையில் ஒரு டீ. முந்தின இரவு இரண்டு பிஸ்கட். அவ்வளவுதான்! அன்று மத்தியானம் சமையற்கூடத்து வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் பார்த்தார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. அவளுக்கு 9தான் இருந்தது.

அவள் ஒருத்தி கதை என்று எண்ணாதீர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை.

“படித்தது போதும், வந்துவிடு” என்றார் தகப்பனார். தாயார் எனக்குப் போன் செய்தாள். “என்னக்கா பண்ணட்டும்?” என்று அழுகை. “கூப்பிடாதே, அம்மா. நீ கேட்கும் கேள்வியை மாற்று. ‘வேலை எப்படி இருக்கு?’ என்பதற்கு முன்னால் ‘என்ன சாப்பிட்டே?’ என்று கேள்” என்றேன்.

கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய கேழ்வரகு மாவு பிரிக்காமலே கிடந்தது. விடுதிப் பெண்கள் சிரிப்பார்களோ என்று வெட்கமாம்! வார்டில் எல்லோருக்கும் கேழ்வரகை எழுதிக் கொடுப்பவள், தன் அறையில் அதை ஒளித்து வைத்திருக்கிறாள். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. அரிசியிலோ பத்தைச் சுற்றித்தான். 2023-ல் தர்மபுரி ரேஷன் கடைகளிலேயே அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். இதில் வெட்கம் எதற்கு?

ஆனால் கேழ்வரகு மட்டும் ரத்தசோகையைத் தீர்த்துவிடாது. கீரை, கொண்டைக்கடலை, சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, மாமிசம் இவை வேண்டும். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காப்பி குடித்தால் அது சேராமல் போகும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். இரும்பு மாத்திரை டாக்டர் சொன்னபடி.

வயிற்றைப் போலவே மனசும். தெரியாததைத் தெரியாது என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட வேண்டும். பயிற்சி என்பதே அதற்குத்தானே? அன்றன்றைய குறிப்பை வார்டிலிருந்து கிளம்புமுன் எழுதிவிட்டால், தூக்கம் மிஞ்சும். நேற்றுப் பேசிய நோயாளியின் கட்டில் இன்று காலியாக இருக்கும். அந்தத் துக்கத்தை உள்ளேயே பூட்டி வைக்கக் கூடாது. தோழியிடம் சொல்லலாம், தாயிடம் சொல்லலாம். யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால், 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் மனநல உதவி கிடைக்கும், காசு இல்லை. வாரத்தில் ஒரு விடுமுறை நாளையாவது புத்தகம் தொடாமல் கழிக்கட்டும். சுவர் இருந்தால்தானே சித்திரம்?

இப்போது நம் பெண்ணுக்கு நாலாவது மாதம். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டிவிட்டது. போன வாரம் வேறொரு பாட்டி அதே கேள்வியைக் கேட்டாளாம். “ரெண்டு கேழ்வரகு அடை, ஒரு கொய்யாப்பழம் பாட்டி!” என்று டக்கென்று சொன்னாளாம். அறைத்தோழிகளும் இப்போது அடைக்குக் கை நீட்டுகிறார்களாம்!

இன்றிரவு உங்கள் பெண்ணை அந்தக் கேள்வி கேளுங்கள். அப்படியே, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியில் மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொள்ளும் சகோதரியே, உங்களையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்: நேற்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?