நாலு மீட்டருக்குள் அடங்காத குடும்பம்

தறிப்பட்டறை வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கார் பாதி வீட்டுக்கு, பாதி தொழிலுக்கு. பள்ளிபாளையத்தில் துண்டும் லுங்கியும் நெய்கிற யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் காவிரிப் பாலம் தாண்டி ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்குச் சரக்கு போகும். பெரிய கட்டுகளை டெம்போ ஏற்றிக்கொள்ளும். கடைசி நேரத்தில் மடித்து முடித்த பீஸ்களும், வியாபாரி கேட்ட சாம்பிள்களும், அவசரத்துக்கு வாங்கி வருகிற நூல் மூட்டையும் கார் டிக்கியில்தான் ஏறும். அதே காரில் மறுநாள் முழங்கால் வலிக்காரரான என் அம்மாவைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் பானையோடு ஐந்து பேர் போக வேண்டும்.

பழைய கார் ஓய்ந்துவிட்டது. புதிதாக வாங்கப்போகிறவன் என் தம்பி மகன். காம்பாக்ட் எஸ்யூவி என்று முடிவே கட்டிவிட்டான். “உசரமா உக்காந்தா ரோடு நல்லாத் தெரியுமுங்க அத்தை. அடியும் தட்டாது” என்றான். “நமக்கு வேண்டியது உசரம் இல்லை கண்ணு, நீளம். பின்னால டிக்கி நீண்டிருக்கிற எஸ்டேட் கார்தான் நம்ம பொழப்புக்குச் சரி” என்றேன். “அந்தக் காரை எந்த ஷோரூம்லீங்க விக்கிறாங்க?” என்று திருப்பிக் கேட்டான்.

அவன் கேட்டது நியாயம். நம் விலைக்கு அப்படி ஒரு கார் இன்று சந்தையில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் டாடா எஸ்டேட் வந்தது. அதன்பின் மாருதி, பலேனோ ஆல்ட்யூரா என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2004இல் டாடா இண்டிகோ மரீனா வந்தது. செடான் காரின் கூரையைப் பின்பக்கம் வரை அப்படியே இழுத்துவிட்டு, பின் சீட்டை மடக்கினால் ஒரு அறை அளவுக்கு இடம் தருகிற வண்டிகள். “ஆம்புலன்ஸ் மாதிரி இருக்குது” என்று ஊர் சொல்லியது. மாப்பிள்ளை அழைப்புக்கு ஆகாத கார் என்று ஒதுக்கினார்கள். விற்பனை தேயத் தேய ஒவ்வொன்றாக நின்றுபோயின.

ரசனை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் வரி. 2006 மத்திய பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்பதற்கு வைத்த அளவுகள் இரண்டு: நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், இன்ஜின் பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் எட்டட்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அன்றிலிருந்து நம் நாட்டில் கார் வரைகிறவர்கள் முதலில் அந்த நாலு மீட்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு அதற்குள்தான் மற்றதை அடக்குகிறார்கள். மரீனாவைத் தந்த அதே இண்டிகோவின் வாலை நறுக்கி, 2008இல் இண்டிகோ சிஎஸ் என்று நாலு மீட்டருக்குள் விற்றது டாடா. வெட்டுப்பட்டது டிக்கி.

இன்று ஷோரூமில் நிற்கும் காம்பாக்ட் எஸ்யூவிகளின் நீளத்தைப் பாருங்கள். மாருதி பிரெஸ்ஸா 3,995 மி.மீ. ஹூண்டாய் வென்யூ 3,995. கியா சோனெட் 3,995. டாடா நெக்ஸானும் அதேதான். வேறு வேறு கம்பெனிகள், வேறு வேறு பொறியாளர்கள், எல்லாரும் கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் உள்ளே வந்து நிற்கிறார்கள். பிரெஸ்ஸாவின் டிக்கி 328 லிட்டர். நூல் மூட்டை ஒன்றைக் கிடத்தினால் அம்மாவின் வாக்கருக்குக்கூட மிச்சம் இடம் இருக்காது.

ஜிஎஸ்டி வந்தபிறகும் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் இன்னும் ஆழமாகிவிட்டது. நாலு மீட்டருக்கும் சிசி வரம்புக்கும் உட்பட்ட காருக்கு 18 சதவீதம், தாண்டினால் 40. வரிக்கு முந்தைய விலை ஏழு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இருபது சென்டிமீட்டர் நீட்டினால், இன்ஜின் அதே 1,200 சிசியாகவே இருந்தாலும், ஒரு லட்சத்து ஐம்பத்துநாலாயிரம் ரூபாய் வரி கூடுகிறது. அந்த இருபது சென்டிமீட்டருக்குக் கம்பெனி போடுவது கொஞ்சம் தகடும் கண்ணாடியும். பாரம் ஏற்றி வயிறு வளர்க்கும் குடும்பத்துக்கு மிக அதிகம் பயன்படுகிற, செய்ய மிகக் குறைவாகச் செலவாகிற பகுதி மேல் இந்த நாடு இத்தனை வரி போடுவது எனக்கு ஆறாத வருத்தம்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு வரை உள்ள இடைவெளி வேறு, வண்டியின் மொத்த உயரம் வேறு. நம் ஊர் வேகத்தடைக்குத் தேவை முதலாவது மட்டும். 2017இல் வால்வோ கம்பெனி வி90 கிராஸ் கண்ட்ரி என்ற எஸ்டேட் காரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதன் அடி இடைவெளி 210 மி.மீ, பிரெஸ்ஸாவின் இடைவெளி 200ஐ ஒட்டித்தான். ஆனால் மொத்த உயரத்தில் வால்வோ, பிரெஸ்ஸாவைவிடத் தாழ்வு. அதாவது அடி தட்டாத காரைத் தாழ்வாகவும் நீளமாகவும் செய்ய முடியும். தாழ்வான கார் காற்றைக் குறைவாகத் தள்ளுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் எரிபொருள் மிஞ்சும். சங்ககிரி பக்கம் லாரிகளுக்கு நடுவே ஒருவன் திடீரென்று குறுக்கே வந்து ஸ்டியரிங்கை ஒடிக்க நேர்ந்தால், பாரம் கீழே இருக்கிற வண்டி குறைவாகச் சாயும். உயரமாக உட்கார்ந்தால் பத்திரம் என்கிற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. 2018இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது அதன் கூட்டின் உறுதியாலும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளாலும்.

வெள்ளத்துக்கு உயரமான வண்டி நல்லது என்றும் சொல்கிறார்கள். 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது எங்கள் ஆற்றோரத் தெருக்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. அப்போது நாலு விரல் கூடுதல் உயரத்தால் என்ன ஆகும்? வண்டியை மேட்டுக்கு ஓட்டிப்போய் நிறுத்துகிறவர்தான் தப்பிப்பார்.

ஒரு விஷயத்தில் தம்பி மகன் சொன்னது முழுக்கச் சரி. அம்மா. தாழ்வான காரில் அவர் உட்காருவதில்லை, விழுகிறார். எழுப்ப இரண்டு பேர் வேண்டும். காம்பாக்ட் எஸ்யூவியின் சீட் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துவைத்தால் போதும். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இதைச் சின்ன வசதி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே உயரம் டிக்கியில் எதிரியாகிறது. ஐம்பது கிலோ மூட்டையை எஸ்டேட் காரில் முழங்கால் அளவுக்குத் தூக்கித் தள்ளிவிடலாம். இதிலோ தொடைக்கு மேலே தூக்கி, பம்பர் விளிம்பைத் தாண்டி இறக்க வேண்டும். பட்டறையில் மூட்டை தூக்குகிறவருக்கும் முதுகு ஒன்றுதான் இருக்கிறது.

விலையுயர்ந்த எஸ்டேட் கார் பழசாகக் குறைந்த விலைக்குக் கிடைக்குமே என்று சொந்தக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். வி90 வந்தபோது அறுபது லட்சம். அடுத்த வருடம் வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ் ஆல் டெரெய்ன் எழுபத்தைந்து லட்சம். வாங்கும் விலை குறையலாம், உதிரிபாகத்தின் விலை குறையாது. விளக்கு ஒன்று உடைந்தால் பெரிய நகரத்துக்கு ஓட வேண்டும். பாகம் வரும்வரை வண்டி நிற்கும். சரக்கு திங்கட்கிழமைக்குக் காத்திருக்காது. ஓட்டிப்பார்க்கக் கிடைத்தால் ஓட்டிப்பார்க்கலாம். பட்டறைக்காரர் வாங்கக்கூடாது.

ஆகவே காம்பாக்ட் எஸ்யூவிதான் வாங்கப்போகிறோம். ஆனால் ஷோரூமுக்கு அம்மாவையும் ஒரு வெற்றுச் சாக்கையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பின் சீட்டைப் பாதி மட்டும் மடக்க முடிகிறதா, மடக்கினால் தளம் சமமாக இருக்கிறதா, டிக்கி விளிம்பு எவ்வளவு உயரம், வழுக்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்தும் இஎஸ்சி இருக்கிறதா என்று பார்க்கட்டும். சன்ரூஃபுக்குக் கொடுக்கிற பணத்தை இவற்றுக்குக் கொடுக்கட்டும்.

ஜிஎஸ்டி கவுன்சிலிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கார் எவ்வளவு புகை விடுகிறது என்ற கணக்கு ஏற்கனவே அரசிடம் இருக்கிறது. கம்பெனிகளின் சராசரிக் கரிமில வாயு அளவுக்கு 2017-18 முதல் வரம்பும் இருக்கிறது. அந்த எண்ணை வைத்து வரி போடுங்கள். குறைவாக எரிக்கிற வண்டிக்குக் குறைவாக, அதிகம் எரிக்கிற வண்டிக்கு அதிகமாக. வால் எவ்வளவு நீளம் என்று டேப் பிடித்து அளப்பதை விடுங்கள். முதல் வென்யூவை ஸ்ரீபெரும்புதூரில் செய்தார்கள், நிஸான் மேக்னைட்டை ஒரகடத்தில் செய்கிறார்கள். அதே ஊர்களில், அதே கைகளால், நாலேகால் மீட்டரில் பத்து லட்ச ரூபாய் எஸ்டேட் காரையும் செய்ய முடியும். செய்தால் வாங்குவதற்குப் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் திருச்செங்கோட்டிலும் தொழில் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன.