பன்னிரண்டு பசங்களும் ஒரு பேரும்

லண்டன்ல ஆன்சைட் போய் ஆறு மாசம் பொட்டி தட்டினப்போ சுத்திப் பார்த்த இடங்கள்ல மனசுல ஒட்டிக்கிட்டது டல்விச். தெற்கு லண்டனுக்குள்ள ஒளிஞ்சிருக்கற 'கிராமம்'. பேருதான் கிராமம், வீட்டு விலையைக் கேட்டா தலை சுத்தும். காரை நிறுத்திக் காசு வாங்கற பழைய டோல்கேட் கூட இன்னும் இருக்கு. லண்டன்ல மிச்சமிருக்கற ஒரே டோல்கேட் அதுதானாம்.

இந்த ஊரை இப்படி ஆக்கினவர் ஒரு நடிகர்! எட்வர்ட் அலெய்ன், ஷேக்ஸ்பியர் காலத்து சூப்பர் ஸ்டார். நாடகக் கொட்டகையிலும், கரடி மேல நாயை ஏவி விடற 'விளையாட்டிலும்' சம்பாதிச்சவர், 1605ல் டல்விச் ஜமீனையே வாங்கிட்டார். பிள்ளை இல்லை. 1619ல் அரசர் முதலாம் ஜேம்ஸ் அனுமதியோட ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சார். 12 ஏழைப் பையன்களுக்குப் படிப்பு, 6 ஏழை ஆண்கள், 6 ஏழைப் பெண்களுக்கு இருக்க இடம். கூடவே ஒரு வேடிக்கையான விதி: நிர்வாகத் தலைவர் பேரு அலெய்ன் அல்லது ஆலன்னுதான் இருக்கணும்.

என்னை யோசிக்க வெச்சது இந்த இடம்தான். பேர் விஷயத்தை 1857 வரைக்கும், அதாவது 200 வருஷத்துக்கு மேல, விடாம காப்பாத்தினாங்க. அந்த வருஷம் பார்லிமெண்ட் சட்டம் போட்டு மொத்த அமைப்பையும் மாத்தின பிறகுதான் அது ஒழிஞ்சது. எங்க மொழியில சொன்னா, சுலபமா சரிபார்க்கக் கூடிய ரிக்வயர்மெண்ட் பாஸ் ஆயிடும். கஷ்டமான ரிக்வயர்மெண்ட் 'அடுத்த ரிலீஸ்ல பார்த்துக்கலாம்'னு போயிடும் :-)

அப்புறம் ரயில் வந்தது. நிலத்தை ரயில் கம்பெனிகளுக்குக் குடுத்த பணத்துல பிரமாண்டமான புதுக் கட்டடம், 1870ல் திறப்பு. 1882ல் பள்ளி ரெண்டாப் பிரிஞ்சது: டல்விச் காலேஜ், அலெய்ன்ஸ் ஸ்கூல். வுட்ஹவுஸ் படிச்சது இந்த டல்விச் காலேஜ்லதான். இன்னிக்கு அங்க தினம் வந்து போற பையனுக்கே வருஷத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல ஃபீஸ். 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20% வரி வேற.

நியாயமாப் பேசுவோம். காசு கட்டிப் படிக்கற பசங்களுக்கும் அலெய்னே இடம் குடுத்திருந்தார். முதியோர் இல்லம் இன்னமும் நடக்குது. எஸ்டேட் வருமானத்துல ஒரு பங்கு சில அரசுப் பள்ளிகளுக்கும் போகுது. உதவித்தொகையில சேர்ற பசங்களும் உண்டு. எல்லாத்தையும் ஏமாத்துன்னு சொன்னா அது அபத்தம்.

ஆனா, 'காலம் மாறிடுச்சு, இனிமே அதெல்லாம் முடியாது'ன்னு சொல்றாங்க பாருங்க, அதைத்தான் ஒத்துக்க முடியலை. ஏன்னா முடிஞ்சிருக்கு! ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம், கிறிஸ்டோபர் கில்க்ஸ் தலைமை ஆசிரியரா இருந்த காலத்துல, திறமை இருந்தா போதும், ஃபீஸை உள்ளூர் கவுன்சில் கட்டிடும்னு பசங்களைச் சேர்த்தாங்க. 'டல்விச் சோதனை'ன்னே அதுக்குப் பேரு. பள்ளியோட தரம் ஒண்ணும் குப்புற விழுந்துடலை. 1970கள்ல அரசாங்கக் கொள்கை மாறி அந்தப் பணம் நின்னதும் கதவும் சாத்திக்கிச்சு.

பணம் எங்கேர்ந்து வரும்னு கேட்பீங்க. சுமார் 1,500 ஏக்கர் எஸ்டேட் இருக்கற அறக்கட்டளைக்கு இந்தக் கேள்வி பெரிய கேள்வி இல்லை. எதுக்கு முதல்ல செலவு பண்றதுங்கறதுதான் கேள்வி. என்னைக் கேட்டா, நிறுவனர் எழுதின அந்த 12ஐ ஒரு நிரந்தர விகிதமா மாத்தணும். இத்தனை சதவீதம் இடம் முழுக்க இலவசம்னு விதியிலேயே எழுதணும். வருஷா வருஷம் அறிக்கையில முதல் வரியா அந்த எண்ணைப் போடணும். 'முடிஞ்சப்ப செய்வோம்'ங்கறது விதி இல்லை, நல்லெண்ணம். நல்லெண்ணத்தை யாரும் ஆடிட் பண்ண முடியாது.

கட்டணச் சலுகை இல்லைன்னா நான் இன்ஜினியரிங் காலேஜ் வாசலைக்கூட மிதிச்சிருக்க மாட்டேன். அதனால எனக்கு இது யாரோ வெள்ளைக்காரன் ஊர்க் கதையாத் தெரியலை. தலைவர் பேரு ஆலனா இல்லையான்னு 200 வருஷம் கவனமாப் பார்த்த ஊர், உள்ள வர்ற பையனோட அப்பன் கிட்ட காசு இருக்கா இல்லையான்னும் அதே கவனத்தோட பார்க்கலாம். இல்லாதவனை உள்ள கூப்பிடறதுக்காக!