கூழ் காய்ச்ச யாருக்கு நேரம்?

ஜொகூரில் இருக்கும் செனாயின் தாமான் குடியிருப்புகளில் பொழுது நாலரை மணிக்கே விடிந்துவிடுகிறது. வாசலுக்கு வாசல் மோட்டார் உறுமும். தலைக்கவசம் மாட்டிய உருவம் ஒன்று கேட்டைச் சாத்திவிட்டுப் போகும். ஐந்துக்குள் கிளம்பாவிட்டால் ஜொகூர் பாரு குடிநுழைவு வரிசையில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பாலத்தைத் தாண்டினால் சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில். இங்கே மாற்றினால் மூன்று மடங்குக்கு மேல்.

அப்படியொரு உறவுக்கார வீட்டில் அண்மையில் இரண்டு நாள் தங்கினேன். கணவருக்கு அக்கரையில் கிடங்கு வேலை. மனைவிக்கு உள்ளூர்த் தொழிற்பேட்டையில், மின்னணுப் பொருள் தொழிற்சாலையில் ஷிஃப்ட். மூன்று வயதுப் பையன், எட்டு மாதப் பெண் குழந்தை. அடுப்படிக் குழாயில் ஈரத்துணியில் கட்டிய கேழ்வரகு தொங்கியது. முளை துணியைத் துளைத்துக்கொண்டு நீண்டிருந்தது. கிட்டே போனால் புளித்த வாடை. "நேத்தே எடுத்துக் காய வச்சிருக்கணும் அண்ணே. ஓ.டி. முடிஞ்சு வந்தேன், உட்கார்ந்த இடத்துலயே தூங்கிட்டேன்" என்றார். ஒரு கிலோ கேழ்வரகு குப்பைக்குப் போனது. பாப்பாவுக்கு அன்று டப்பா மாவுதான். அதைக் கரைக்கும்போது ஏதோ குற்றம் செய்தவர்போல என் பக்கம் திரும்பாமலே கரைத்தார். அந்தக் குற்ற உணர்ச்சி யாருடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

"எல்லாம் வீட்டிலேயே செய்யுங்கள், இயற்கையாக வளருங்கள்" என்று தினமும் வாட்ஸ்அப்பில் அறிவுரை வருகிறது. அறிவுரையில் பிழையில்லை. முளைகட்டினால் கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் உடம்பில் நன்றாகச் சேரும். மலேசியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருப்பதாகத் தேசிய உடல்நல ஆய்வுகள் காட்டும்போது, என்ன சாப்பிடுகிறது பிள்ளை என்று கவலைப்படுவது நியாயமே. ஆனால் ஓர் இரவு ஊறல், ஒரு நாள் முளைப்பு, பிறகு வெயில், வறுவல், அரைவை, சலிப்பு, இத்தனைக்கும் எத்தனை மணி நேரம் என்று எந்த அறிவுரையிலும் இல்லை. செனாயில் மத்தியான மழை வேறு, காயப்போட்டதை எந்நேரமும் ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அந்தக் காலத்தில் எல்லாம் வீட்டிலேதானே" என்பார்கள். அந்தக் காலம் எது? செனாயும் கூலாயும் கித்தாத் தோட்டமும் அன்னாசிக் காடுமாக இருந்த காலம். லயத்துப் பின்கட்டில் முருங்கையும் மரவள்ளியும் வளர்ந்தது கொள்கைக்காக இல்லை, கூலி பத்தாததற்காக. என் பாட்டி சாகும்வரை மரவள்ளியைத் தொட்டதில்லை. "சப்பான்காரன் காலத்துல தின்னது போதும்" என்று தட்டைத் தள்ளிவிடுவார். 1942 முதல் 1945 வரை அரிசியில்லாமல் அந்தக் கிழங்கைத் தின்று கிடந்த வயிறு அது. இன்று அதே கிழங்கு 'பாரம்பரிய உணவு' என்ற பெயரில் வாழையிலையில் படம் பிடிக்கப்படுகிறது. படம் அழகாகவே இருக்கிறது. பாட்டிக்குக் காட்டத்தான் முடியாது.

டப்பாவை எதிர்க்கும் குரலும் வாட்ஸ்அப்பில் பிறந்ததல்ல. பழைய குரல் ஒன்று செனாய்க்குப் பக்கத்தில், பாலத்துக்கு அந்தப் புறம் எழுந்தது. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. சர்க்கரை சேர்த்த டின் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்து விற்றதை அவர் நேரடியாகச் சாடினார். அந்தத் தவறான பிரச்சாரத்தால் நேரும் சாவைக் கொலையாகவே பார்க்க வேண்டும் என்றார். பிறகு ஜப்பானியர் அவரையே சாங்கி சிறையில் அடைத்தார்கள். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களின் விளம்பரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் விதிமுறை கொண்டுவந்தது 1981இல், உரை நிகழ்ந்து 42 ஆண்டுகள் கழித்து. வில்லியம்ஸ் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது விற்றவனை. டின்னை வாங்கிய தாயை அல்ல. நம் காலத்து இயற்கை வாழ்வுப் பிரச்சாரம் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது மருத்துவம் சொல்வது. சுமார் 180 நாள். திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் தருவது 98 நாள் மகப்பேறு விடுப்பு. முன்பு 60ஆக இருந்ததால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் 82 நாள் துண்டு விழுகிறது. அந்த 82 நாளும் பால் சுரக்கும் தாய் தொழிற்சாலையில் நிற்கிறாள். தந்தைக்கு அதே சட்டத்தில் ஏழு நாள். அதுவும் உள்ளூர் முதலாளியிடம் ஓராண்டாவது வேலை பார்த்திருந்தால்தான். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே அரசு செலவில் கிடைக்கும் தந்தையர் விடுப்போ சிங்கப்பூர்க் குடிமகனான குழந்தைக்கு மட்டும்.

தோட்டத்தில் இதற்கு ஒரு விடை இருந்தது: ஆயாக் கொட்டகை. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போகும் தாய் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அங்கே விடுவாள். தொட்டில் வரிசையாகத் தொங்கும். அதைப் புனிதமாக்க வேண்டாம். ஓர் ஆயாவிடம் பிள்ளைகள் குவிந்து, ஈ மொய்த்த கொட்டகைகளும் உண்டு. ஆனால் பால்மரம் வெட்டுகிறவளின் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் பொறுப்பு என்ற ஒப்புதல் அதில் இருந்தது. தோட்டத்தில் குழந்தை காப்பகம் வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டமும் சொல்கிறது. தோட்டங்கள்தான் போய்விட்டன. கூலாய் யங் தோட்டம் இருந்த இடத்தில் இன்று தரவு மையப் பூங்கா. தொழிற்சாலைக்கோ காப்பகம் கட்டாயமில்லை. கட்டினால் வரிச்சலுகை உண்டு, அவ்வளவே. வெள்ளைக்காரன் கித்தாவுக்காகச் செய்ததைச் சில்லு தயாரிக்கும் நூற்றாண்டில் கேட்பது அதிகமா?

இயற்கை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று தேனைத் தொட்டு வைக்கும் பழக்கம் இன்னும் உண்டு. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய போட்டுலினம் கிருமி மூச்சையே நிறுத்திவிடக்கூடும். வசம்பை உரசி நாக்கில் தடவுவதும் வேண்டாம். தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதை இயற்கை வாழ்வு என்று சொல்பவரோடு எனக்குப் பேச்சே இல்லை. இன்னொன்று: 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியபோது 111 பள்ளிகளை மூட நேர்ந்தது. அந்தப் பிள்ளைகளின் வீட்டில் எத்தனை சுத்தமாகச் சமைத்திருந்தாலும் அன்று என்ன பயன்?

நான் தங்கிய வீட்டுப் பையன் தாடிக்கா என்னும் பாலர் பள்ளிக்குப் போகிறான். ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன். "தெரிமா காசே, மாமா" என்று மலாயில் நன்றி சொன்னான். பெற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தமிழ் வீட்டில் யார் யாருக்கு நன்றி சொல்கிறோம்? சொன்னால் அந்நியமாகப் படும். அதற்குப் பதிலாக "அம்மா கை மணம் யாருக்கு வரும்" என்கிறோம். எனக்கு இந்தப் பாராட்டின் மேல் சந்தேகம் உண்டு. செலவில்லாத கூலி அது. கொடுத்துவிட்டால் அந்தக் கை அடுப்பை விட்டு நகராது. தைப்பொங்கலன்று சூரியனுக்கு நன்றி, மறுநாள் மாட்டுக்கு நன்றி. இரண்டு நாளும் கரண்டி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

பிள்ளைக்கு நன்றியுணர்வைப் பாடம் நடத்திச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வயதுப் பையன் துணியில் கட்டிய தானியத்துக்குத் தண்ணீர் தெளிக்கட்டும், முளை வருவதைப் பார்க்கட்டும், தன் தங்கச்சி குடிக்கும் கூழுக்கு எத்தனை கை பட்டது என்று அவனே எண்ணட்டும். அந்தக் கைகளில் அப்பாவின் கையும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும்.

ஜொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தது. அக்கரையில் வேலை செய்யும் அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு. அன்று பிள்ளை பள்ளியில். 2025 ஜனவரி 1 முதல் இங்கும் சனி, ஞாயிறு என்று மாறியிருக்கிறது. பல வீடுகளில் எல்லோரும் ஒன்றாக இருக்கும் ஒரு பகல் திரும்பக் கிடைத்திருக்கிறது. வெள்ளி இரவு கேழ்வரகை ஊறப்போட்டால், சனி காலை வடித்துக் கட்டலாம், ஞாயிறு காலை வெயிலில் பரப்பலாம். அப்பாமாரே, ஊறப்போடுவதிலிருந்து சலிப்பதுவரை இந்த வாரம் நீங்கள் செய்யுங்கள். மத்தியானம் மழை வந்தால் ஓடிப்போய் அள்ளுவதும் உங்கள் வேலைதான்.