விதி என்று சொல்லி மூடிவிடலாமா?

பிரசவத்தில் குழந்தைக்குப் பாதிப்பு வந்தால் அது விதி. வழக்கு என்று கிளம்பினால் சேரன்மகாதேவி மாதிரி ஊர்களுக்கு டாக்டரே வரமாட்டார் என்கிறார்கள். இந்த வாதத்தை ஏற்பதற்கில்லை.

1996இல் சென்னை எழும்பூர் அரசு தாய்சேய் மருத்துவமனையில் 29 வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படிப் பிறக்கும் குழந்தையின் விழித்திரையைச் சில வாரங்களுக்குள் சோதித்தாக வேண்டும். யாரும் சோதிக்கவில்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. பார்வை போயிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. குறைப்பிரசவம் விதியாக இருக்கலாம். செய்யாமல் விட்ட சோதனையும் விதியா?

டாக்டர்களுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே டாக்டர் குற்றவாளி ஆகிவிடமாட்டார், கிரிமினல் வழக்குக்கு அப்பட்டமான அலட்சியம் வேண்டும் என்று 2005இலேயே அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஒழுங்காகப் பிரசவம் பார்ப்பவர் ஏன் பயப்பட வேண்டும்?

பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது கேஸ் ஷீட் நகல். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. குழந்தையின் இதயத்துடிப்பை எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், ஆபரேஷன் என்று எப்போது முடிவெடுத்தார்கள் என்பதையெல்லாம் அந்தத் தாளில்தான் தேட வேண்டும்.

கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லையா? 1987 சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். பிள்ளையைப் பெற்ற தாய் அந்த உதவி கேட்டுத் தன் பெயரிலேயே மனு எழுதிக் கொடுக்கலாம்.