குத்தின் கனம்

குத்துச் சண்டையில் எடை வகுப்பு மாறுவதைப் பற்றி ஜனங்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. உடம்பில் பத்து ராத்தல் ஏறினால் குத்திலும் அந்தப் பத்து ராத்தல் ஏறிவிடும் என்பார்கள் ஒரு சாரார். மேல் வகுப்புக்குப் போனவனுடைய குத்து அங்கே பிசுபிசுத்துப் போகும் என்பார்கள் மற்றொரு சாரார். இரு சாராரும் குத்துகிறவனையே பார்க்கிறார்கள். குத்து வாங்குகிறவனை மறந்துவிடுகிறார்கள் என்பது நமது எண்ணம்.

குத்து முதலில் எங்கே பிறக்கிறது? பாதத்தில் பிறக்கிறது. சண்டைக்காரன் பின்காலால் தரையை உந்துகிறான்; அந்த உந்தலை இடுப்பைத் திருப்பிப் பெருக்குகிறான்; பிறகு அது தோள் வழியாகக் கைக்குப் போகிறது. முஷ்டி வெறும் தபால்காரன். கடிதம் எழுதியது கால். ஆகவே காலிலும் இடுப்பிலும் ஏறிய தசை குத்துக்கு உதவும். வயிற்றில் ஏறிய கொழுப்போ உதவாது. அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். பௌதிக சாஸ்திரத்தின் கணக்கும் இங்கே கவனிக்கத் தக்கது. கனம் இரட்டித்தால் சக்தி இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும். எடையை ஏற்றிக்கொண்டு வேகத்தைப் பறிகொடுத்தவன் வியாபாரத்தில் நஷ்டப்பட்டவனே.

இனி, வாங்குகிறவனைப் பார்ப்போம். தலை சட்டென்று திரும்பி, மண்டைக்குள் மூளை குலுங்கும்போதுதான் மனிதன் நினைவிழந்து விழுகிறான். கழுத்து தடித்து, தலையும் கனத்திருந்தால் அதே குத்துக்கு அந்தத் தலை அவ்வளவு திரும்பாது. ஒரே கையால் ஒரே பலத்துடன் தள்ளினாலும் ஜன்னல் கதவு படீரென்று திறந்துகொள்ளும். கோயில் கதவு முனகிக்கொண்டு நகரும். கையின் பலம் குறைந்துவிட்டதென்று யாராவது சொல்லுவார்களா?

இதற்கு உதாரணம் தேடுவோருக்குப் பிலிப்பைன்ஸ் வீரர் மானி பாக்கியாவின் சரித்திரம் ஒன்றே போதும். 1995-ம் வருஷம் பதினாறு வயதில் அவர் தொழில்முறைக் கோதாவில் இறங்கியபோது அவருடைய எடை நூறு ராத்தலைக்கூடத் தொடவில்லை. கனம் காட்டுவதற்காகச் சட்டைப் பையில் எடைக்கற்களைப் போட்டுக்கொண்டு தராசில் ஏறியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1998-ல் தாய்லாந்தில், சட்சாய் சசாகுலை எட்டாவது சுற்றில் வீழ்த்தி 112 ராத்தல் வகுப்பின் உலகப் பட்டத்தைப் பெற்றார். ஆனால் வளர்கிற பிள்ளை அல்லவா? மறு வருஷம் எவ்வளவு பட்டினி கிடந்தும் 112-க்குள் உடம்பை அடக்க முடியவில்லை. பட்டம் தராசிலேயே போயிற்று. வற்றிய உடம்போடு கோதாவில் ஏறியவர் மூன்றாவது சுற்றில் விழுந்தார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவர் ஒரேயடியாகப் பத்து ராத்தல் தாண்டி 122-க்குப் போனார். 2001-ல், இரண்டு வார அவகாசத்தில் கிடைத்த சந்தர்ப்பத்தில், தென்னாப்பிரிக்கரான லெட்வாபாவை ஆறாவது சுற்றில் முடித்தார். மேலே போனதால் அவருக்குப் பலம் கூடிவிட்டதென்று எழுதினவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டினியினால் பூட்டிக் கிடந்த பலம் சாப்பாட்டினால் திறந்துகொண்டது, அவ்வளவுதான். 2008-ல் 135 ராத்தல் வகுப்பில் டேவிட் டயஸையும், 2009-ல் 140-ல் ரிக்கி ஹாட்டனையும் அவர் நாக்-அவுட் செய்தார். அதே 2009-ன் இறுதியில், 145 ராத்தல் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, மிகேல் கோட்டோவைப் பன்னிரண்டாவது சுற்றில் மடக்கினார்.

அத்துடன் கோயில் கதவு வந்துவிட்டது. அடுத்த பதின்மூன்று சண்டைகளில் ஒருவரையும் அவரால் முழுச் சுற்றுகளுக்கு முன் முடிக்க இயலவில்லை. 2018-ல், மலேசியாவில் மத்தீஸுடன் நடந்த சண்டையில்தான் மறுபடி அது கைகூடியது. குத்து மங்கிவிட்டதா? 2010-ல் அவரிடம் அடிபட்ட மார்கரிட்டோவின் கண்குழி எலும்பு முறிந்து, பிற்பாடு சஸ்திர சிகிச்சை செய்யவேண்டி வந்தது. ஆயினும் சண்டையன்று பாக்கியாவைவிடச் சுமார் பதினேழு ராத்தல் கனமாயிருந்த அம்மனிதர் பன்னிரண்டு சுற்றும் நின்றார். 2014-ல் மக்காவோவில் கிரிஸ் அல்ஜியேரி ஆறு முறை விழுந்தார். ஆறு முறையும் எழுந்தார். முப்பது வயதைத் தாண்டியதும் இதற்கு ஒரு காரணந்தான். இல்லையென்று நாம் வாதாடமாட்டோம். ஆனால் எலும்பை முறிக்கிற குத்து ஆளைச் சாய்க்கவில்லை என்றால், எதிரே இருந்த ஆள் மாறிவிட்டார் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

கீழ்நோக்கி வகுப்பு மாறுகிறவன் கதை வேறு. அவன் மெய்யாகவே பலத்தை இழக்கிறான். 160 ராத்தல் வரையில் பட்டம் வென்றவரான ஆஸ்கார் டெ லா ஹோயா, ஏழு வருஷங்களாக இறங்கியறியாத 147 ராத்தலுக்கு 2008 டிசம்பரில் இறங்கினார். முந்தின நாள் தராசு 145 காட்டியது. பெரிய ஆள் சின்ன ஆளை நசுக்கிவிடுவான் என்று ஊரே எதிர்பார்த்தது. நடந்ததோ, எட்டாவது சுற்று முடிந்ததும் அவர் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எதிரி யார்? நமது பாக்கியாவ்தான். நீர் வற்றினால் ரத்தத்தின் அளவு சுருங்குகிறது, இருதயம் விரைந்து அடிக்கிறது, கால் தளர்கிறது. கால் தளர்ந்தால் கடிதம் எழுதுவார் யார்?

நம் தேசத்து மேரி கோமின் விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். 45, 46, 48 கிலோ வகுப்புகளில் ஐந்து உலகப் பட்டங்கள் பெற்ற அந்த மணிப்பூர்ப் பெண்மணிக்கு, 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் தம்முடைய வகுப்பே இல்லை. பெண்களுக்கென்று வைத்த மூன்று வகுப்புகளில் மிகச் சிறியதே 51 கிலோ. ஏறிப் போனார்; அரையிறுதியில், தம்மைவிட உயரமான நிக்கோலா ஆடம்ஸிடம் 11–6 என்று தோற்று வெண்கலம் கொண்டுவந்தார். 2018-ல், டில்லியில், 48-ல் மீண்டும் நின்று ஆறாவது உலகப் பட்டத்தை வென்றார். லண்டனில் அவருக்கு 48 கிலோ வகுப்பு ஒன்று இருந்திருந்தால் பதக்கத்தின் நிறம் என்னவாயிருக்கும் என்று நாம் பல தடவை யோசித்ததுண்டு.

நமக்குக் கவலையளிப்பது பெரிய வீரர்களைவிடப் பள்ளி, கலாசாலைப் பிள்ளைகள்தாம். கீழ் வகுப்பில் நின்றால் சின்னவனை அடித்து வென்றுவிடலாம் என்ற ஆசையில், போட்டிக்கு முன் தண்ணீரை விட்டு, ரப்பர்ச் சட்டைக்குள் ஓடி வியர்க்கும் பையன்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று மல்யுத்த மாணவர்கள் இவ்வாறு எடை இறக்குகையில் மாண்டார்கள். அதன் பிறகே அங்கே கலாசாலை மல்யுத்தத்தில் ரப்பர்ச் சட்டையும் வெந்நீராவி அறையும் விலக்கப்பட்டன. நிறுவையும் போட்டிக்குச் சற்று முன்னதாக நடைபெறலாயிற்று; வற்றி வந்தவன் வற்றிய உடம்போடேயே கோதாவில் இறங்க வேண்டுமென்றால் வற்றுவதில் லாபமில்லை. பையன் குத்துச் சண்டை பழகுவதாக இருந்தால், எந்த வகுப்பில் நிறுத்தப் போகிறீர்கள், அதற்கு அவன் எத்தனை ராத்தல் இறங்கவேண்டும் என்று பெற்றோர் பயிற்சியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தொழில்முறைக் குத்துச் சண்டையில் நிறுவை பெரும்பாலும் இன்றும் முந்தின நாள்தான் நடக்கிறது.