இழுப்பறைக்குள் உறங்கும் கற்கள்

அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் கண்ணாடிப் பேழைகளில் காண்பது, அங்குள்ள சேகரிப்பில் மிகச் சிறிய பகுதியே. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 80 மில்லியன் பொருள்கள் உள்ளன. கற்கள், கனிமங்கள், புதைபடிவங்கள் எனப் பெரும்பாலானவை பார்வையாளர் கண்ணில் படாமல் பாதுகாக்கப்படுகின்றன. பொருளைப் பூட்டி வைப்பதில் தவறில்லை. அதைப் பற்றிய விவரங்களையும் சேர்த்துப் பூட்டுவதுதான் தவறு.

ஒரு புதைபடிவத்தின் மதிப்பில் பாதி, அதனுடன் இருக்கும் சிறு சீட்டில் அடங்கியுள்ளது. எங்கே, எந்தப் பாறை அடுக்கில், எந்த ஆண்டில் கிடைத்தது என்னும் குறிப்புகள் இல்லாவிட்டால், அது மேசையை அலங்கரிக்கும் அழகான கல் மட்டுமே. ஆகவே, படத்தை மட்டும் இணையத்தில் வெளியிட்டால் போதாது. சீட்டில் உள்ள குறிப்புகளும் வெளிவர வேண்டும்.

வெளியிடப்பட்ட விவரம் எவ்வளவு பயன்படும் என்பதை ஸ்பைனோசரஸ் என்னும் டைனோசரின் கதை காட்டுகிறது. எகிப்தில் 1912-இல் கிடைத்த அதன் எலும்புகளை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர், 1915-இல் படங்களுடன் விரிவான கட்டுரையை வெளியிட்டார். 1944 ஏப்ரலில் மியூனிக் நகரின்மீது குண்டு வீசப்பட்டபோது, அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருந்த அந்த எலும்புகள் அழிந்தன. கட்டுரையும் படங்களும் பிழைத்தன. பல்லாண்டுகளுக்குப் பின் மொரோக்கோவில் கிடைத்த எலும்புகளை அவற்றோடு ஒப்பிட்டு, 2014-இல் அறிஞர்கள் அந்த விலங்கின் உருவத்தைக் கணினியில் அமைத்தனர். ஸ்ட்ரோமர் தம் குறிப்புகளை வெளியிடாமல் வைத்திருந்தால், அவையும் எலும்புகளோடு எரிந்திருக்கக்கூடும்.

இடம் தெரிந்தால் திருடர்கள் மண்வெட்டியுடன் வந்துவிடுவார்களே என்று சிலர் அஞ்சுகின்றனர். இந்த அச்சம் நியாயமானது. அமெரிக்காவின் தென் டகோட்டாவில், சைக்கட் போன்ற பழங்காலத் தாவரங்களின் புதைபடிவங்களைக் காக்க 1922-இல் ஒரு தேசிய நினைவிடம் உருவாக்கப்பட்டது. தரையில் கிடந்தவற்றையெல்லாம் பலர் அள்ளிச் சென்றதால் காப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. 1957-இல் அந்த நினைவிடமே நீக்கப்பட்டது. (அதுவும் இணையம் தோன்றுவதற்கு முன்பே!) எனவே, துல்லியமான இடத்தை மட்டும் மறைத்து, தேவைப்படும் ஆய்வாளருக்குத் தனியே தரலாம். அதற்காக மற்ற விவரங்களையும் மறைக்க வேண்டியதில்லை.

பணமும் ஆள்பலமும் போதாது என்பது மற்றொரு காரணம். மங்கிப்போன பழைய கையெழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்வது எளிதன்று. ஆனால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்பதில்லையே. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம், சில அருங்காட்சியகங்களுடன் சேர்ந்து, மூலமாதிரிகளிலிருந்து தொடங்கியது. ஓர் உயிரினத்திற்கு முதன்முதலில் பெயர் சூட்டியபோது ஆதாரமாகக் கொண்ட புதைபடிவமே மூலமாதிரி. ஐயம் எழுந்தால் எந்த நாட்டு ஆய்வாளரும் அதைத்தான் பார்க்க வேண்டும். அவற்றின் படங்களையும் முப்பரிமாண வடிவங்களையும் இலவசமாகப் பதிவிறக்கும் வகையில் அந்நிறுவனம் 2013-இல் வெளியிட்டது. முப்பரிமாண அச்சுப்பொறி உள்ள பள்ளி, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த ட்ரைலோபைட்டின் நகலை அச்சிட்டு மாணவர் கையில் கொடுத்துவிடலாம். அசல் தன் இழுப்பறையில் பத்திரமாகவே இருக்கும்.