எண்ணிக்கையா? உறுதியா?

பல்பயன் கருவி வாங்கச் செல்பவர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "இதில் எத்தனை கருவிகள் உள்ளன?" என்பதுதான். பதினைந்து, இருபது என்று எண்ணிக்கை கூடக்கூட அவரது ஆர்வமும் கூடுகிறது. ஆனால், எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குவது சரியன்று. நாம் முதலில் சோதிக்க வேண்டியது அக்கருவியின் குறடுதான் என்பது என் கருத்து.

குறடு, கத்தி, திருப்புளி, அரம் போன்றவற்றை மடக்கிச் சட்டைப் பைக்குள் அடங்கும்படி அமைத்ததே பல்பயன் கருவி. முகாமுக்குச் செல்லும் சாரணர்கள், மீன்பிடிப்பவர்கள், மிதிவண்டியில் நெடுந்தூரம் செல்பவர்கள் எனப் பலருக்கும் இது உதவுகிறது.

இக்கருவியை உலகறியச் செய்தவரின் கதையே என் கருத்துக்குச் சான்றாகும். 1975ஆம் ஆண்டு டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் தம் மனைவியுடன் ஒரு பழைய காரில் ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். கார் அடிக்கடி பழுதானது. தங்கிய விடுதிகளில் குழாய்கள் ஒழுகின. அவர் கையில் இருந்ததோ ஒரு சாரணர் கத்தி. குறடும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் எண்ணினார். ஊர் திரும்பியபின் பல ஆண்டுகள் உழைத்து, 1980ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். 1983ஆம் ஆண்டு அவரது கருவி விற்பனைக்கு வந்தது. அதன் நடுவில் இருந்தது குறடு!

குறடு ஏன் அவ்வளவு முக்கியம்? மற்ற கருவிகளுக்கு ஓரளவு மாற்று உண்டு. திருப்புளி இல்லாவிட்டால் சில திருகாணிகளை நாணயத்தால்கூடத் திருப்பிவிடலாம். இறுகிய நட்டைக் கழற்றவோ கம்பியை முறுக்கவோ நம் விரல்களுக்கு வலிமை போதாது. மேலும், குறடு இரண்டு நெம்புகோல்களின் சேர்க்கையாகும். நடு ஆணியிலிருந்து கைப்பிடி 9 சென்டிமீட்டரும் தாடை 3 சென்டிமீட்டரும் இருந்தால், நாம் கொடுக்கும் விசை தாடையின் நுனியில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அதனால் ஏற்படும் அழுத்தம் முழுவதையும் அந்தச் சிறிய ஆணிதான் தாங்குகிறது. ஆகவே, கருவி தரமற்றது என்றால் அது முதலில் தளர்வதும் அங்கேதான்.

கடையிலேயே இதனைச் சோதிக்கலாம். தாடைகளை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனிகள் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். பிறகு, தாடைகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. பாகங்கள் திருகாணியால் இணைக்கப்பட்டிருந்தால், தளரும்போது நாமே இறுக்கிக்கொள்ளலாம்.

"தரமானது விலை அதிகம். மலிவானதை வாங்கி, உடைந்தால் வேறொன்று வாங்கலாமே!" என்று சிலர் கூறலாம். ஆனால், கருவி உடைவது நாம் அதைப் பயன்படுத்தும் நேரத்தில் அல்லவா? நடுக்காட்டு முகாமில் கடைக்கு எங்கே போவது? மேலும், உடைந்தவை யாவும் குப்பையில்தான் சேர்கின்றன. 25 ஆண்டு உத்தரவாதம் தரும் நிறுவனங்களும் உள்ளன. ஒரு முறை செலவிட்டு நெடுங்காலம் பயன்படுத்துவதே சிக்கனம்.

வீட்டு வேலைக்குத் தனிக்குறடும் திருப்புளியுமே சிறந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிச் செல்ல இயலாத இடத்துக்கே பல்பயன் கருவி ஏற்றது. அதன் உலோகக் கைப்பிடியில் மின்காப்பு இல்லாததால், மின்கம்பிகளில் அதைப் பயன்படுத்தவே கூடாது. கத்தி இருப்பதால் பள்ளிக்கோ விமானத்தின் பயணிகள் பகுதிக்கோ கொண்டு செல்லக்கூடாது. நம் நாட்டின் ஈரக்காற்றில் துருப்பிடிக்காத எஃகிலும் துரு ஏறலாம். துடைத்து, இணைப்புகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது நல்லது.

இருபது கருவிகள் இருந்தும் குறடு ஆடினால் பயனில்லை. ஐந்தே கருவிகள் இருந்தாலும் குறடு உறுதியாக இருந்தால், அதுவே வாங்கத்தக்கது.